காட்டப்படும் நகரம்: காலிக் கோட்டையின் வழிகாட்டி நடையுலா பற்றிய ஒரு நோக்கு

எழுத்திலமைந்த ஆக்கங்களையே விமர்சனத்துக்குரியனவாகக் கொள்ளும் வழக்கம் தமிழ்த் திறனாய்வுலகில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. கவிதையும் நாவலும் நடுவீட்டில் அமர்ந்திருக்க, நிகழ்த்தப்படும் கலைகள் திண்ணையிலே காத்திருந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் நாட்டுக்கூத்துக்களைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தமை அந்நிலையை ஓரளவு மாற்றியது. எனினும் இன்றும் எவருடைய ஆய்வுக்கும் உட்படாத நிகழ்த்துகை வடிவங்கள் பல உள. வரலாற்றுச் சிறப்புடைய நகரொன்றிலே வழிகாட்டி ஒருவர் சிறு குழுவொன்றைக் கால்நடையாக அழைத்துச் சென்று, நின்று நின்று கதை கூறி, அந்நகரைக் காட்டும் நடையுலா அவற்றுள் ஒன்று.

இதனைச் சுற்றுலாத் தொழிலின் ஒரு கூறென்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும் இந்நாட்டின் வரலாறு பற்றி ஒரு நூலையேனும் கையிலெடுத்திராதவர் பலர், அவ்வரலாறு இன்னதென்று மனத்திலே பதித்துச் செல்வது இத்தகைய நடைகளின்போதே. ஓர் ஆக்கத்துக்கு வேண்டிய உறுப்புக்கள் யாவும் இதற்கு உண்டு. தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, உச்சம் உண்டு, தலைமைப் பாத்திரங்களும், பெயர்கூடப் பெறாத துணைப் பாத்திரங்களும் உண்டு. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தெரிவும் உண்டு. ஒரு நாவலாசிரியரிடம் கேட்கத்தக்க கேள்விகளை வழிகாட்டியிடமும் கேட்கலாம் என்பதே இக்கட்டுரை கொள்ளும் அடிப்படை. எடுத்துக்கொண்ட களம் காலிக் கோட்டை.

மாலை நான்கு மணியளவில், வெயில் தணியும் வேளையில், ஆறு பேர் முதல் பன்னிரண்டு பேர் வரை கொண்ட குழுவொன்று மணிக்கூட்டுக் கோபுரத்தின் அருகே கூடும். வழிகாட்டி தம் பெயரைச் சொல்லி, வந்தோரின் நாடுகளை விசாரித்து, குடையும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொள்ளுமாறு நினைவூட்டுவார். சந்திரக் கொத்தளத்தின்மீது நின்று கிரிக்கெட் மைதானத்தையும் புதிய நகரையும் காட்டியபின், இறங்கித் தெருக்களுக்குள் நுழைவார். ஒல்லாந்தத் தேவாலயம், பண்டகசாலை, பழைய வாயில், நீதிமன்றச் சதுக்கம், வெளிச்சவீடு, அதன் எதிரேயுள்ள வெண்ணிறப் பள்ளிவாசல் என்று சுற்றி வந்து, சூரியன் கடலில் இறங்கும் தருணத்திற் கொடிப்பாறையை அடைவதோடு நடை நிறைவுறும். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். வழிகாட்டிக்கு வழிகாட்டி சொற்கள் மாறலாம். இந்த ஒழுங்கு பெரிதும் மாறுவதில்லை. பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இது நிகழ்கின்றது.

தமிழ் இலக்கியம் பயின்றவர்க்கு இங்கு ஆற்றுப்படை நினைவுக்கு வருதல் இயல்பு. பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுக்கள் அவ்வகையைச் சார்ந்தன. வழி சொல்வதையே இலக்கிய வடிவமாக்கிய மரபு அது. வழியிடைப்படும் நிலமும் ஊரும் மாந்தரும் உணவும் அவ்வடிவத்தினுள் இயல்பாக வந்தமைகின்றன. ஆனால் ஒப்புமையைக் காட்டிலும் வேறுபாடே இங்கு மிகுதியாக விளக்கந் தருகிறது. ஆற்றுப்படையில் வழி சொல்பவனும் கேட்பவனும் ஒரே நிலையினர். பாணனுக்குப் பாணனும் கூத்தனுக்குக் கூத்தனுமே வழி சொல்கின்றனர். சொல்பவன் பரிசிலைப் பெற்றுவிட்டவன். கேட்பவனிடம் அவனுக்கு எதிர்பார்ப்பு எதுவுமில்லை. அவன் கூடவே நடந்து வருவதுமில்லை. வழியைச் சொல்லிவிட்டுத் தன் போக்கிற் செல்கிறான். காண்பது கேட்டவனின் கண். நடையுலாவிலோ வழிகாட்டி பரிசிலை இனித்தான் பெறவேண்டும். கேட்போரின் முகத்தில் மகிழ்ச்சி குறைந்தால் நடையின் இறுதியில் அவர் கையிற் சேர்வதும் குறையும். ஆகவே கேட்போர் முன்னரே அறிந்ததையும் விரும்புவதையும் நோக்கியே அவர் கதை சாய்கின்றது. இது தனிமனிதக் குறையன்று. வடிவத்தின் பொருளாதார அடித்தளத்திலிருந்து பிறக்கும் இயல்பு. காலி நடையின் நிறைகுறைகளை இவ்வடித்தளத்தை மறந்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

இனி நடையினுட் புகலாம். அதன் மிகச் சிறந்த கட்டம் பழைய வாயிலின்முன் அமைகின்றது. வாயிலின் வெளிமுகத்திற் பிரித்தானிய முடியின் சின்னம். உள்முகத்தில் இரு சிங்கங்கள் தாங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்துக்கள், அதன்மேல் ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. வழிகாட்டி குழுவை முதலில் வெளியே நிறுத்துவார். பின் இருண்ட வாயிலினூடாக உள்ளே அழைத்துச் சென்று, திரும்பிப் பார்க்கச் சொல்வார். ஒரே சுவரின் இரு புறமும் இரு ஆட்சிகள் நிற்பதைக் கேட்போர் தம் உடலைத் திருப்பிக் காண்கின்றனர். எந்த நூலாலும் தரமுடியாத அனுபவம் இது. வடிவத்தின் வலிமை முழுவதும் இங்கு வெளிப்படுகின்றது.

சேவலைக் காட்டி ஊர்ப்பெயரின் கதையும் சொல்லப்படும். போர்த்துக்கேயர் கரையிறங்கியபோது சேவல் கூவியதாம்; அவர்கள் மொழியிற் சேவலைக் குறிக்கும் சொல்லே ஊர்ப்பெயராயிற்றாம். கேட்போர் சிரிப்பர். ஆனால் 1344ஆம் ஆண்டளவில் இவ்வழியே சென்ற இபின் பதூதா இவ்வூரைக் ‘காலி’ என்று ஒலிக்கும் பெயராலேயே குறித்துள்ளார். போர்த்துக்கேயக் கப்பல் இத்தீவைக் காண்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே பெயர் இருந்தது. சேவல்தான் பிந்தி வந்து கூவியது. சிங்களத்திற் பாறையைக் குறிக்கும் சொல்லோடும் மாட்டுத்தொழுவைக் குறிக்கும் சொல்லோடும் பெயரைத் தொடர்புபடுத்துவோர் உளர். சேவற்கதை பொய்யென்பதற்காக அதை நீக்கிவிட வேண்டுமென்பதில்லை. கம்பனியே அதை நம்பித் தன் சின்னத்தின்மேற் செதுக்கிவைத்தது என்ற அளவில் அதுவும் ஒரு வரலாற்றுச் சான்றே. அவ்வாறு சொல்லப்படுமாயின் கதையின் சுவை கூடுமே தவிரக் குறையாது. ஊருக்குப் பெயர்வைத்தவன் வந்தவனே என்ற நினைப்பு எங்கிருந்து பிறந்தது என்பதையும் அச்சேவல் காட்டிவிடும்.

இவ்வாயிலில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வழிகாட்டிகள் ‘ஒல்லாந்தர்’ என்பர். கல்லில் இருப்பதோ கம்பனியின் எழுத்து. ஒரு நாட்டின் பெயருக்கும் ஒரு வணிக நிறுவனத்தின் பெயருக்கும் இடையிலான வேறுபாடு சிறிதன்று. மேலும் அவ்வாயில் பெரிய பண்டகசாலையின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு செல்கிறது. கோட்டைக்குள் நுழைபவன் களஞ்சியத்தின் கீழாகவே நுழையவேண்டும். இக்கோட்டை எதற்காகக் கட்டப்பட்டதென்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கல் வேறில்லை. கறுவாவுக்காகவே கோட்டை. அக்கறுவாவை உரித்தவர் யார், எவ்வாறு உரித்தனர் என்ற கேள்வி இங்கு எழவேண்டும். சலாகம சாதியினர் கட்டாய ஊழியமாகக் காடுகளிற் சென்று குறித்த அளவு பட்டையை உரித்துக் கொடுக்க வேண்டியவராயிருந்தனர். கம்பனி அடிமைகளையும் வைத்திருந்தது. ஆனால் நடையில், கொத்தளங்கள் ‘கட்டப்பட்டன’, தெருக்கள் ‘அமைக்கப்பட்டன’, பண்டங்கள் ‘சேமிக்கப்பட்டன’. செயப்பாட்டு வினை இங்கு இலக்கணம் மட்டுமன்று. உழைத்த கை முழுவதையும் மறைத்துவிடும் திரையாகவும் அது தொழிற்படுகின்றது.

1640இற் கோட்டை கைமாறிய வரலாறு கூறப்படும்போது மட்டும் உள்நாட்டார் ஒருவர் மேடைக்கு வருகிறார். போர்த்துக்கேயரை விரட்டுவதற்கு இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு சேர்ந்ததும், விளைவைக் கண்டு இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினோமென்று மக்கள் சொன்னதும் வழிகாட்டிகள் விரும்பிச் சொல்லும் செய்திகள். பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால் அதன் பின் இராஜசிங்கனும் மறைகிறார், மக்களும் மறைகின்றனர்.

தேவாலயத்திற் கூறப்படுவதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1755இல் நிறைவுற்ற அக்கட்டடம், தளபதி ஒருவரும் அவர் மனைவியும் நெடுநாட் காத்திருந்து பெற்ற மகளுக்கு நன்றியாகக் கட்டியதென்ற கதை கேட்போரின் நெஞ்சைத் தொடுகின்றது; தரையிற் பதிக்கப்பட்ட கல்லறைக் கற்கள்மீது மெல்ல நடக்கின்றனர். குடும்ப உணர்வாலே குடியேற்ற ஆட்சியை மனிதமயமாக்கும் உத்தி இது. நாவல்களிலும் இது பழகிப்போன உத்தியே. 1873இற் புதிய வாயில், 1883இல் மணிக்கூட்டுக் கோபுரம், 1939இல் இன்றைய வெளிச்சவீடு என்று ஆண்டுகள் அடுக்கப்படும். மணிக்கூட்டுக் கோபுரம் பறங்கிய மருத்துவர் பி. டி. அந்தோனிஸைச் சிறப்பிக்க எழுந்தது. ஆளுநர் எவருக்குமன்றி ஊர் மருத்துவர் ஒருவருக்கு எழுந்தது என்பது நின்று சொல்லத்தக்கதாயினும், நடையின் தொடக்க அவசரத்தில் அது விரைந்து கடந்துவிடப்படும்.

நடையின் பெருமிதம் உச்சமடையும் இடங்களில் ஒன்று வடிகால். தெருக்களின் கீழே ஒல்லாந்தர் அமைத்த கழிவுநீர்க் கால்வாய்களைக் கடல் ஏற்றவற்றத்தால் தானே கழுவிச்செல்லச் செய்த தொழில்நுட்பம் வியந்து பேசப்படுகின்றது. வியப்புக்குரியதே. அக்கால்வாய்களிற் கஸ்தூரி எலிகள் வளர்க்கப்பட்டனவென்ற கதையும் சேரும். கேட்போர் குனிந்து பார்ப்பர், படம் எடுப்பர்.

காலியின் வரலாற்றில் இன்னொரு வடிகாலும் உண்டு. அதைப் பற்றி இந்நடை பேசுவது அரிது. 1911ஆம் ஆண்டு, கோட்டைக்கு வெளியே, கிறிப்ஸ் வீதித் திருப்பத்துக்கு அண்மையில், மதகொன்றை மூடியிருந்த கற்பலகையைப் பொறியியலாளர் ஒருவர் புரட்டிப் பார்த்தபோது அதன் மறுபுறத்தில் எழுத்துக்கள் காணப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரமான அப்பலகையில் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளிற் சாசனம் பொறிக்கப்பட்டிருந்தது. சீனப் பேரரசர் யொங்லோவின் ஆணையின் பேரில், கடற்றளபதி செங் ஹோவின் கப்பற்படையோடு வந்த கல் அது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாம் போற்றும் இறைவனுக்கும் காணிக்கை செலுத்துகின்றன. பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயுமாக மூன்றிலும் பட்டியல்கள் ஏறத்தாழ ஒத்துச் செல்கின்றன. தமிழ்ப் பகுதியை செனரத் பரணவிதான வாசித்து வெளியிட்டார். தேனவரை என்பது காலிக்குக் கிழக்கேயுள்ள தெவிநுவரை. இபின் பதூதா கண்டு எழுதிய பெருங்கோயில் அங்கேயே இருந்தது. 1588இற் போர்த்துக்கேயர் அதனை அழித்தனர்.

இக்கல் இன்று காலியில் இல்லை. கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. காட்டுவதற்குப் பொருள் கண்முன் இல்லாதபோது வழிகாட்டி எதைக் காட்டுவார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நடையுலா கண்ணுக்குக் கட்டுப்பட்ட கலை. எனினும், இல்லாத தளபதியையும் பிறந்த மகளையும் தேவாலயத் தரையில் நின்று கண்முன் நிறுத்த வல்லவர்க்கு, ஒரு மதகின் அருகே நின்று ஒரு கல்லை நிறுத்துதல் அரிதன்று. ஒல்லாந்தரின் வடிகாலைக் காட்டி முடித்த அதே மூச்சில், இன்னொரு வடிகாலின் மேல் முகங்கவிழ்ந்து கிடந்த கல்லின் கதையைத் தொடங்குவதற்கு நல்ல கதைசொல்லி ஒருவர் காத்திருக்கவே மாட்டார். தடை இருப்பது திறமையில் அன்று, கதையின் கட்டமைப்பில். நடையின் காலக்கணக்கு போர்த்துக்கேயரோடு தொடங்குகின்றது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்ற மூன்று அங்க நாடகம் அது. அம்மூன்று அங்கங்களுக்கும் முன்னர் திரை விழுந்தே கிடக்கின்றது. 1409இன் கல்லை உள்ளே விட்டால் நாடகத்தின் தொடக்கமே குலைந்துவிடும். ஐரோப்பியர் கண்டெடுத்த வெறுங்கரையாகக் காலியைக் காட்ட முடியாது. சீனரும் அரபியரும் பாரசீகரும் தமிழரும் தத்தம் மொழியோடு வந்துபோன துறைமுகமாகவே காட்ட நேரும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழ் மாணவர் இக்கல்லைப் பற்றிப் பேசும்போது தமிழின் பெருமைக்குச் சான்றாக மட்டும் எடுத்தாளுதல் வழக்கமாகிவருகின்றது. அக்கல்லிலே சிங்களம் இல்லை என்பது அவர்களுக்கு ஒரு வெற்றியாகவும் தோன்றுகின்றது. வழிகாட்டி ஒரு முனையிலே செய்வதை இவர்கள் மறுமுனையிலே செய்கின்றனர். ஆணை பிறந்தது சீனத்தில்; மொழிகளைத் தெரிந்தவர்கள் கடல் வணிகத்தையும் தெய்வங்களின் செல்வாக்கையும் கணக்கிட்டே தெரிந்தனர். கல் வந்த சில ஆண்டுகளுக்குள், 1411இல், அதே செங் ஹோ இத்தீவின் ஆட்சியாளர் ஒருவரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றார். காணிக்கை கொண்டுவந்த கப்பலிற் படையும் இருந்தது. ஆகவே இக்கல்லை மதநல்லிணக்கத்தின் சின்னமென்று மாலை சூட்டி நிறுத்துவதும் சரியன்று. அது சொல்வது இவ்வளவே: பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையிற் பேசவேண்டுமென்று எண்ணிய ஒரு வல்லரசு, தமிழையும் பாரசீகத்தையும் தன் மொழியோடு சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அளவுக்கே அதன் முக்கியத்துவம். அந்த அளவு போதுமானதுங்கூட.

‘கோட்டையைக் காட்டுவதே நடையின் நோக்கம், கோட்டைக்கு முந்தியது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்தைக் கோட்டையின் தெருப் பலகைகளே மறுக்கின்றன. பெட்லர் தெரு, சோனகச் சிறுவணிகரின் தெரு. லெயின்பான் தெரு, கப்பற்கயிறு திரித்த இடத்தின் ஒல்லாந்தப் பெயர். பரவ தெரு என்றொரு தெரு உண்டு. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக் குளித்தும் மீன்பிடித்தும் வணிகஞ் செய்தும் வாழ்ந்த பரவரின் பெயரை ஒல்லாந்தக் கோட்டையின் தெரு ஒன்று தாங்கி நிற்பது எதனால்? இக்கேள்வி எழும் இடம் நடையின் பாதையிலிருந்து சில நிமிடத் தொலைவே. அங்கு கட்டடச் சிறப்பெதுவும் இல்லையென்பதால் குழு அத்தெருவின் முனையைக் கடந்து சென்றுவிடுகின்றது.

இத்தனைக்குப் பின்னும் இவ்வடிவத்தைக் கைவிடவேண்டுமென்று சொல்ல நியாயமில்லை. மாறாக, சிறுகுழு நடையில் ஓர் அரிய வாய்ப்பு உள்ளது. ஐம்பது பேரை ஏற்றி வரும் பஸ்ஸில் ஒலிவாங்கி பேசும், கேட்போர் கேட்பர். பத்துப் பேர் கொண்ட நடையிலோ கேட்போர் குறுக்கிடலாம். யாரேனும் ஒருவர் ‘இச்சுவரைக் கட்டியவர் யார்?’ என்று கேட்டுவிட்டால் நடையின் போக்கே மாறக்கூடும். கதைசொல்லியும் கேட்போரும் எதிரெதிரே நின்று ஆக்கத்தைத் திருத்திக்கொள்ளும் இத்தன்மை அச்சிட்ட நூலுக்கு இல்லை, கூத்துக்கு உண்டு. வழிகாட்டி கோட்டையிலேயே பிறந்து வளர்ந்தவராயிருந்தால் இது மேலும் சிறக்கின்றது. அத்தகையவர் ஆண்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கையில் தெருவில் எதிர்ப்படும் முதியவர் ஒருவரோடு நின்று இரண்டு வார்த்தை பேசுவார். பின் திரும்பி, அவர் வீடு முன்னர் எதுவாக இருந்ததென்று குழுவுக்குச் சொல்வார். மனப்பாடம் செய்த உரை அவ்விடத்தில் உடைந்து, உயிருள்ள பேச்சு தலைகாட்டுகின்றது. இரண்டு மணித்தியாலத்திற் கேட்டவற்றுள் அப்பகுதியே நினைவில் நிற்கும். உரிமம் வழங்கும் பயிற்சிகள் ஆண்டுகளையும் பெயர்களையும் பிழையறச் சொல்லக் கற்பிக்கலாம். இந்த இடைப்பேச்சு ஆண்டுகளால் வருவதன்று.

ஆனால் எதிர்ப்படும் அந்த முதியவர் இன்னும் எத்தனை காலம் எதிர்ப்படுவார்? நடை தொடாத பொருள்களுள் மிகக் கனமானது இதுவே. கோட்டை ஏன் அழியாமல் நின்றதென்று கேட்டால், ஒல்லாந்தரின் உறுதியான கட்டுமானத்தையே வழிகாட்டிகள் காரணமாகக் கூறுவர். உண்மைக் காரணம் வேறு. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றிச் சென்ற துறைமுகமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காலி செழித்தது. 1875இல் தொடங்கிய கொழும்பு அலைதடுப்புச் சுவரின் வேலை நிறைவுற்றபோது கப்பல்கள் கொழும்புக்குச் சென்றன. அவற்றோடு பணமும் சென்றது. பழைய வீடுகளை இடித்துப் புதியன கட்டுவதற்கு எவரிடமும் முதல் இருக்கவில்லை. வறுமையே இந்நகரைப் பேணியது. அவ்வறுமையைத் தாங்கி, ஓடு மாற்றியும் சுண்ணாம்பு பூசியும் அவ்வீடுகளில் வாழ்ந்தவர் சோனகரும் சிங்களவரும் பறங்கியருமான சாதாரண மக்கள். 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த நகரம் அவர்கள் காத்துவைத்த நகரமே.

பட்டியலிற் சேர்ந்தபின் காட்சி மாறிற்று. 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை மதில்களுக்கு வெளியே பஸ் நிலையத்தையும் புதிய நகரையும் அழித்தபோது, கோட்டையின் உட்பகுதி பெரிதும் தப்பியது. அன்று மதில்களைப் பற்றி நாடே பேசிற்று. ஆனால் மதில் தடுக்காத வேறொரு அலை அதற்கு முன்னரே உள்ளே வரத் தொடங்கியிருந்தது. வீடுகள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. முற்றமிருந்த வீடு விடுதியாயிற்று, விறாந்தை தேநீர்ச்சாலையாயிற்று. வாங்கியோரிற் பலர் வெளிநாட்டார். கொழும்புச் செல்வரும் உளர். விற்றவரைக் குறைகூறுதல் பொருந்தாது. ஓடொன்றை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டிய வீட்டில், பல பிள்ளைகளுக்குப் பங்கிடவேண்டிய சொத்தோடு வாழ்பவர், ஒரு தலைமுறையில் ஈட்டமுடியாத தொகையைக் கண்டபோது விற்றனர். இவ்வாறு வெறுமையாகும் தெருக்களில் நடையுலா செல்கின்றது. திருத்தி வெள்ளையடித்த முகப்புக்களைக் காட்டி ‘ஒல்லாந்தப் பாணி’ என்கின்றது. அவ்வீட்டில் கடைசியாக வாழ்ந்த குடும்பம் யாதென்று சொல்வதில்லை. நடுவழியில் மாணிக்கக் கடையொன்றினுள் கால்மணி நேரம் கழிவதும் உண்டு. அங்கு விற்றதில் வழிகாட்டிக்கு ஒரு பங்கு கிடைப்பது ஊரறிந்தது. அவர் ஊதியத்தின் அளவை அறிந்தோர் அதைப் பெரும் பாவமாகக் கொள்ளார்.

நடையின் உச்சக்காட்சியாகிய கொடிப்பாறையில் இவையெல்லாம் ஒருங்கு கூடுகின்றன. மேற்கே சூரியன் இறங்க, குழு மதிலின்மேல் நிற்கின்றது. வழிகாட்டி பேச்சை நிறுத்திவிடுகிறார். இந்த மௌனமும் தேர்ந்த உத்தியே. அப்போது உள்ளூர் இளைஞர் ஒருவர் முன்வந்து, காசு கொடுத்தால் மதிலிலிருந்து கடலிற் குதிப்பதாகச் சொல்வார். கீழே பாறைகள், இடையில் ஆழமான சிறு நீர்ப்பரப்பு. அவர் குதித்து, எழுந்து, ஈரத்தோடு மேலேறி வந்து பணத்தைப் பெறுகிறார். இரண்டு மணித்தியாலமாக ஓர் உள்ளூர்க்காரரின் உடலுழைப்பையும் காணாத குழு காணும் முதல் உழைப்பு அது. வழிகாட்டி தம் கதையிற் சேர்க்காத பாத்திரம், கதை முடிந்த கணத்தில், தானே மேடைக்குள் குதித்துவிடுகிறது. கேட்போர் கைதட்டுகின்றனர். அக்குதிப்பு எத்தனை தலைமுறையாக நடக்கின்றது, அவர் எங்கிருந்து வருகிறார், காற்றுப் பருவத்திற் கடல் குமுறும் மாதங்களில் அவருக்கு என்ன வருமானம் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் விடை சொல்ல அவர் ஆயத்தமாகவே இருப்பார். வழிகாட்டியைவிடக் குறைவான நேரமே எடுத்துக்கொள்வார்.

பாதையை மாற்றி அமைப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்திற் கூடாமல் கிறிப்ஸ் வீதித் திருப்பத்திற் கூடலாம். அங்கிருந்து பஸ் நிலையத்தைக் கடந்து, பழைய வாயிலின் வெளிமுகத்துக்கு வந்து, களஞ்சியத்தின் கீழாக உள்ளே நுழையலாம். தேவாலயத்துக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைப் பரவ தெருவுக்குக் கொடுக்கலாம். அத்தெருவிலே காட்டுவதற்கு ஒன்றுமில்லையென்றால் ஒன்றுமில்லையென்றே சொல்லி, அப்பெயரை மட்டும் பலகையில் வாசித்து, அது எந்தக் கரையிலிருந்து வந்த பெயரென்று குழுவைக் கேட்கலாம். பத்துப் பேரில் ஒருவர் தூத்துக்குடியையோ மன்னாரையோ அறிந்தவராயிருத்தல் கூடும்.